மடத்துக்கு எந்தப் பெட்டி?

நவகன்னியர் இல்லம்,
பொம்மசந்திரா தாண்டி,
பெங்களூரு.
12 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

எலிசபெத் எழுதுவது. இங்கே நான் சுகம், கொசுக்கள் என்னைவிடச் சுகம். கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை, அதற்கு முன்னால் எழுதியதற்கும் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று அம்மா எழுதியிருந்தார்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டிப் பேசுகிறோமே என்று எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வருஷம் எங்களுக்கு போன் கிடையாது, வீட்டார் வந்து பார்ப்பதும் கிடையாது. கடிதம் மட்டும்தான். வருகிற கடிதங்களை மதர் முதலில் வாசிப்பார் என்பதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

மே 31 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் நாள். வேலையை விட்டுவிட்டுத் துறவியாகப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நீங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரியும். இருந்தாலும் எங்கள் சபை வழக்கப்படி, பெண்ணின் அப்பா அவளைப் பீடம் வரை கூட்டி வந்து, ஆயர் முன்னால் கையளிக்க வேண்டும். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன். அம்மா உங்களிடம் கேட்கப் பயப்படுகிறார்கள், அதனால் நானே கேட்கிறேன். வருவீர்களா?

இன்னொன்று வேடிக்கையான விஷயம். எங்கள் சிஸ்டர்கள் இங்கே வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள், எல்லோரும் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை. அதில் ஒரு கம்பெனிக்காரர்கள் விடுதிக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கித் தருகிறார்களாம். "எந்தப் பெட்டி வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். மதர் திகைத்துப் போய், நான் முன்பு கேம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவள் என்று என்னிடம் வந்தார். எனக்கு இங்கே இன்டர்நெட் இல்லை. நான் விட்டு வந்த பிறகு எத்தனையோ மாறியிருக்கும்.

ஆகவே மாமா, நீங்கள் கடைக்குப் போய்ப் பாருங்கள். எது காசுக்குத் தகும், எதில் நாலு பேர் சேர்ந்து ஆடலாம், எது கரண்டை அதிகம் தின்னாது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாம் இருவரும் டிவியில் புட்பால் ஆடுவோமே, உங்கள் கோலிலேயே அடித்துவிட்டு ரிமோட் சரியில்லை என்பீர்களே, அந்த அனுபவம் போதும். ஒன்றே ஒன்று, உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எலிசபெத்


ஜோகுபாளையம்,
21 ஜனவரி 2025

செல்லப் பாப்பா எலிசபெத்துக்கு,

உன் தாய்மாமன் ஆரோக்கியசாமி (முன்னாள் கோலார் தங்க வயல், தற்போது அல்சூர் ஏரிக்கரையில் பதினாலு மாடி அபார்ட்மெண்டின் மின்சார இலாகாத் தலைவர்) எழுதிக்கொள்வது. முதலில் வாசிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம்.

முதல் விஷயத்துக்குப் பதில்: வரமாட்டேன். தாய்மாமன் என்றால் தட்டுத் தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு பெண்ணிடம் போகிறவன். பெண்ணையே தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுகிறவனுக்குப் பெயர் வேறு. அக்கா லூர்துமேரிக்குப் பூரிப்பு. தெருவில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் 'எம் பொண்ணு சிஸ்டர் ஆகப்போறா' என்று சொல்லி முடித்துவிட்டு, இப்போது தெரியாதவர்களை நிறுத்திச் சொல்கிறாள். தெருவில் அவளைக் கண்டால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறேன்.

இரண்டாவது விஷயம். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்குக் கூட்டிச் சொன்னேன்? எட்டாவதை இரண்டு வருஷம் படித்தவன், ஆகவே மற்றவர்களைவிட எனக்கு ஒரு மடங்கு படிப்பு ஜாஸ்தி. சுரங்கத்தில் லிப்ட் பழுதானால் வெள்ளைக்காரன் எழுதி வைத்துப்போன புத்தகத்தை மூடிவிட்டு 'ஆரோக்கியசாமியைக் கூப்பிடு' என்பார்கள். அப்படிப்பட்டவன் போய்ப் பார்த்த பெட்டி. நம்பி வாசி.

கண்ணாடிக் கட்டடக் கடை. ஏசி குளிரில் ஊரிலுள்ள ஷூ கழற்றிய குழந்தைகளின் காலுறை நாற்றம் அப்படியே நின்றுபோயிருக்கிறது. அங்கே டேரில் என்று ஒருவன், காதில் கடுக்கன், வயிறு மேஜையில் இடிக்கிறது. "இன்னா அங்கிள், பேரனுக்கா?" என்றான்.

"மடத்துக்கு" என்றேன்.

"மடம்னா?"

"கன்னியாஸ்திரீ மடம்."

அவன் கடுக்கனைத் தடவிக்கொண்டு, "சண்டை கேம் எல்லாம் காட்டவா வேணாவா?" என்று கேட்டான். "காட்டு. மடத்துல நடக்கிற சண்டையை நீ எங்க பாத்த" என்றேன். (மதர் இந்த வரியைத் தாண்டிவிடவும்.)

கம்பெனிப் பெயரெல்லாம் எழுதமாட்டேன். எல்லாம் சாத்தான் பெயர் மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு மூன்று பெட்டிகள்: வெள்ளைப்பெட்டி, கறுப்புப்பெட்டி, சின்னப்பெட்டி. இன்றைக்கு வெள்ளை.

வெள்ளைப்பெட்டி நிற்கிற நிலையைப் பார்த்தால் பணக்காரன் கல்லறைக்கு வாங்கிவந்து, அளவு தப்பி, திருப்பிக் கொடுக்கக் காத்திருக்கும் சலவைக்கல் மாதிரி இருக்கிறது. டிவி மேஜையில் வைத்தால் டிவியைத் தரையில் வைக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. புல் தெரிகிறது, புல்லில் பனி தெரிகிறது, ஆட்டக்காரன் மூக்கில் வேர்வை தெரிகிறது. எதற்கு? எனக்கு ஆள் மூக்கு வேர்வை பார்க்க வேண்டுமென்றால் அல்சூரில் பஸ் ஏறினால் போதாதா.

ரிமோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசையை அமுக்கினால் அது நம் விரலைத் திருப்பித் தள்ளுகிறது. வில் இழுத்தால் வில் மாதிரி இறுகுகிறது, வண்டி மேட்டில் ஏறினால் மேடு மாதிரி நடுங்குகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பாப்பா, அந்த ரிமோட்டை ஊரே சோளப்பொரி தின்ற கையால் பிடித்திருக்கிறது. பொத்தான் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ பிசுக்கு. கட்டைவிரல் வைக்கும் குமிழில் யாரோ விட்டுப்போன பபிள்கம். கலீஜு என்றால் அப்படி ஒரு கலீஜு. பிடித்தேன், ஏழு கோல் அடித்தேன். கூட்டம் கூடிவிட்டது. சனிக்கிழமைதோறும் வந்து ஆடிக் காட்ட முடியுமா என்று மேனேஜர் கெஞ்சினான்.

அதைவிடக் குமட்டலான சமாச்சாரம் கேள். இந்த வெள்ளைப்பெட்டியிலேயே இரண்டு ரகம். ஒன்றுக்கு டிஸ்க் போடும் ஓட்டை உண்டு. இன்னொன்றுக்கு ஓட்டை இல்லை, அது விலை கம்மி. ஓட்டை இல்லாததில் எல்லாம் காற்றிலேயே காசு கட்டி இறக்கிக்கொள்ள வேண்டுமாம். "சரி, ஆடி முடிச்சிட்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?" என்றேன். "முடியாது அங்கிள்." "விக்கலாமா?" "முடியாது." "அப்போ நான் வாங்கினது இன்னா?" என்றேன். "ஆடறதுக்குப் பர்மிஷன் அங்கிள்" என்கிறான். முழு விலை கொடுத்துப் பர்மிஷன். பொருள் அவனுடையதாம். நான் அங்கேயே எச்சில் துப்பியிருப்பேன், தரை பளபளவென்று இருந்ததால் முழுங்கிவிட்டேன்.

மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பாசத்துடனும் கோபத்துடனும்,
மாமா ஆரோக்கியசாமி


பொம்மசந்திரா,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிது.

ஒரு செய்தி சொன்னால் உங்கள் காலர் தானாகத் தூக்கிக்கொள்ளும். இங்கே மத்தியானச் சாப்பாடு மௌனமாக நடக்கும். நாங்கள் சாப்பிடும்போது ஒருத்தி மட்டும் நின்று புனிதர்கள் வரலாற்றை வாசிப்பாள். போன செவ்வாய்க்கிழமை மதர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு உங்கள் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "விடுதிக்காக எடுக்கிற முடிவு, எல்லோரும் கேட்கட்டும்" என்றார். சலவைக்கல் வரை தாங்கினார்கள். மூக்கு வேர்வையில் ஒருத்திக்குப் புரையேறியது. ரிமோட்டில் ஒட்டியிருந்ததைப் பற்றி வந்தபோது பாதிப் பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு முட்டைக்கோஸ் மிச்சம்.

மடத்துச் சண்டையைப் பற்றிய வரியைத் தாண்டச் சொல்லி மதருக்கு எழுதியிருந்தீர்கள். அவர் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

ஏழு கோல் என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

கறுப்புப்பெட்டி, சின்னப்பெட்டி இரண்டையும் சீக்கிரம் எழுதுங்கள். மார்ச் 5 சாம்பல் புதன், தபசுகாலம் தொடங்குகிறது. அதன்பின் ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதமும் கிடையாது. வருவதை மதர் எடுத்து வைத்துவிடுவார்.

வெறுங்கையோடு பஸ் ஏறுவதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்தப் பத்தியை மதர் மேஜையில் வாசிக்க விடவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு, "இது உனக்கு எழுதினது" என்று என் கையில் மட்டும் கொடுத்தார். நான் நிறைய தடவை வாசித்தேன். இன்னும் நாள் இருக்கிறது, மாமா. யோசியுங்கள்.

அன்புடன்,
எலிசபெத்


ஜோகுபாளையம்,
3 மார்ச் 2025

செல்லப் பாப்பாவுக்கும், முட்டைக்கோஸ் தின்னும் சாப்பாட்டு மேஜைக்கும் ஆரோக்கியசாமியின் வணக்கம்.

மேஜையில் வாசித்த சங்கதியை அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிட்டேன். புனிதர்களுக்கு அடுத்தபடி நான். எழுத்து சரியாகக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறேன், வாசிக்கிற பெண் அவசரப்படாமல் வாசிக்கவும். சாப்பிட்டு முடித்தவர்கள் மட்டும் கேட்கவும்.

கறுப்புப்பெட்டி நம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவிடம் இருக்கிறது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன், மகன் வாங்கி வைத்துவிட்டுத் துபாய் போய்விட்டான். "பன்னி சாமி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வாய் நிறைய அழைத்து உட்காரச் சொல்லிவிட்டு, உட்காரும் நாற்காலியிலிருந்து துவைக்காத துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுக்கொண்டான்.

கறுப்புப்பெட்டி பார்க்க அரிசி டின் மாதிரி. மண்டையில் சூடு போக ஓட்டைகள். அந்தச் சூட்டுக்குக் கிருஷ்ணப்பாவின் பூனை அதன்மேல்தான் இருபத்துநாலு மணி நேரமும் படுத்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன். ஓட்டைக்குள் பூனைமுடி பாய் மாதிரி படிந்திருக்கிறது. அதன்மேல் பூனை போன வாரம் கக்கினது காய்ந்து போயிருக்கிறது. ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க அதுவும் சூடாகி வாசம் வருகிறது. "கிருஷ்ணப்பா, இன்னாய்யா இது?" என்றால், "அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்கிறான், அனுசரித்துக்கொள் என்று. இது பெட்டியின் குற்றம் இல்லை என்று நியாயமாக எழுதிவிடுகிறேன். ஆனாலும் அந்த வாசத்தை என் மூக்கு மறக்காது.

பெட்டியின் நல்லது: சந்தா கட்டினால் மாதாமாதம் நூற்றுக்கணக்கில் ஆட்டம். பழைய காலத்து டிஸ்கும் ஓடுகிறது. விடுதியில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு ருசி இருக்கும் என்றால் இது தோது. கெட்டது: சந்தாவை நிறுத்தினால் அத்தனைக்கும் பூட்டு. அப்புறம் இதன் ரிமோட்டுக்குச் செல் போட வேண்டும், டார்ச்சுக்குப் போடுவோமே அதற்குத் தம்பி மாதிரி. கிருஷ்ணப்பா சுவர்க் கடிகாரத்திலிருந்து செல்லை உருவி இதில் போட்டிருக்கிறான். அவன் வீட்டில் எப்போது போனாலும் பத்தே கால்தான். விடுதியிலும் இதே கதை ஆகும், பெண்கள் எல்லோரும் ஷிப்டுக்கு லேட்டாகப் போவார்கள்.

ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன். எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை.

இனி சின்னப்பெட்டி. இதற்கு மறுபடி டேரிலிடம் போனேன். இது கையகலப் பலகை, நடுவில் படம், இரண்டு ஓரத்திலும் இரண்டு பிடி. பிடியை நண்டுக்கால் பிய்க்கிற மாதிரி பிய்த்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் இரண்டு பேர் ஆடலாம். இன்னும் பிடி வாங்கினால் நாலு பேர். டிவியிலும் மாட்டலாம், கரண்ட் போனால் கையில் வைத்தும் ஆடலாம். மின்சார இலாகா என்ற முறையில் சொல்கிறேன், மூன்றிலும் கம்மியாகக் கரண்ட் தின்பது இதுதான். படம் வெள்ளைப்பெட்டி மாதிரி இல்லை, மூக்கு வேர்வை தெரியாது. ஆனால் இதற்கு இங்கே கேரண்டி கிடையாது, வெளிநாட்டிலிருந்து வருகிறது, கெட்டால் நம் தலையெழுத்து. "எஸ்பி ரோட்ல ரெண்டு பேரு ரிப்பேர் பாக்கறாங்க அங்கிள்" என்றான்.

இதற்கு ஆட்டம் வருவது ஒரு சின்னச் சில்லில். தபால்தலை அளவு. "இதப் புள்ளைங்க முழுங்கிடாதா?" என்றேன்.

"முழுங்க மாட்டாங்க. கசப்பு தடவி இருக்கும். வாயில வச்சா துப்பிருவாங்க."

"பொய்."

"நெஜமா அங்கிள். வாயில வைக்காதீங்க."

"யோவ், நாங்க கேஜிஎஃப்ல சயனைடு கழிவு மேட்டுல சறுக்கி வெளயாண்டவங்க. எனக்குக் கசப்பா?" என்று நாக்கில் வைத்தேன்.

பாப்பா, அதை எழுதத் தமிழில் எழுத்துப் போதாது. வேப்பங்கொட்டையை எருக்கம்பாலில் ஊறவைத்து, அதை ஒரு கழுதை மென்று, அந்தக் கழுதைக்கும் காய்ச்சல் வந்திருந்தால் எப்படியோ அப்படி. நாக்கு மரக்கட்டை ஆகிவிட்டது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் கசக்கிறது, எச்சில் கசக்கிறது, மூச்சு விட்டால் காற்று கசக்கிறது. டேரில் பாட்டிலை நீட்டி, "நெறையப் பேரு இப்டித்தான் அங்கிள்" என்று ஆறுதல் சொன்னான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்கா வைத்த மீன் குழம்பு சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டேன், அதனால் மூன்றாவது நாளும் சோறு இல்லை.

மேஜைக்கு இதோடு முடிந்தது. மற்றது பாப்பாவுக்கு மட்டும்.

நீ போனது எனக்கு இன்னும் அந்தக் கசப்பாகத்தான் இருக்கிறது. குழந்தை விழுங்கிவிடக் கூடாது என்று ஒரு கம்பெனிக்காரன் கசப்பு தடவி வைக்கிறான். மடத்து வாசலில் அப்படி யாரும் தடவி வைக்கவில்லை, நீ போய்விட்டாய். டிஸ்க் என்றால் ஒருத்தருக்குக் கொடுத்தாலும் திரும்பி வரும். கீறல் விழுந்து வரும், வரட்டும், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கும். ஓட்டை இல்லாத பெட்டியில் போனது போனதுதான். நீ எந்த ரகம் என்று எனக்குச் சொல். தெரிந்துகொண்டுதானே நான் பீடத்துக்கு வந்து நிற்க முடியும்.

மாமா


பொம்மசந்திரா,
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். உங்கள் கடிதம் சாம்பல் புதனுக்கு மறுநாள் வந்து, தபசுகாலம் முழுக்க மதரின் மேஜை இழுப்பறையில் படுத்திருந்தது. ஈஸ்டர் திங்கட்கிழமைதான் கையில் கிடைத்தது. பதில் வரவில்லை என்று நீங்கள் அம்மாவிடம் எரிந்து விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். முன்பே எழுதியிருந்தேன், நீங்கள் அந்த வரியைப் படித்திருக்க மாட்டீர்கள்.

ஈஸ்டர் வாரம் என்பதால் மேஜையில் கறி இருந்தது. உங்கள் கடிதத்தில் பூனை வரும்வரைதான் சாப்பிட்டோம்.

நீங்கள் எனக்கு மட்டும் எழுதியதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன். முதல் வார்த்தைப்பாடு ஒரு வருஷத்துக்குத்தான், மாமா. ஒவ்வொரு வருஷமும் நானே வேண்டும் என்று கேட்டுப் புதுப்பிக்க வேண்டும். அப்படி ஐந்தாறு வருஷம் போன பிறகுதான் கடைசி வார்த்தைப்பாடு. இடையில் எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் வந்துவிடலாம், யாரும் பூட்டிவைக்க மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கும் விடுவார்கள். அதனால் இப்போதைக்கு நான் ஓட்டை உள்ள ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது. வருஷா வருஷம் புதுப்பிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வருவதற்காக நான் போகவில்லை.

அன்று நீங்கள் வாசிக்க வேண்டியதை அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரே வரிதான். இதோ எழுதுகிறேன்: "எங்கள் மகள் எலிசபெத்தை மனமுவந்து இறைவனுக்குக் கையளிக்கிறோம்." மனப்பாடம் செய்ய வேண்டாம், பார்த்தே வாசிக்கலாம்.

எந்தப் பெட்டி என்று கடைசியாக ஒரு வார்த்தை எழுதுங்கள். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

அன்புடன்,
எலிசபெத்


ஜோகுபாளையம்,
6 மே 2025

பாப்பாவுக்கு,

பெட்டி: மூன்றும் கலீஜு. அதில் கம்மிக் கலீஜு சின்னப்பெட்டி. வெள்ளைப்பெட்டி ஒருத்தன் தனியாக உட்கார்ந்து தன் பணத்தை ரசிப்பதற்கு. கறுப்புப்பெட்டி சந்தா கட்டுகிறவனுக்கு. சின்னது, காய்ச்சலில் படுத்திருக்கிற பெண்ணுக்குக்கூட கட்டிலுக்கே எடுத்துக்கொண்டு போகலாம். பிடியைப் பிய்த்துப் பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கொடுத்தால்தான் அதில் ஆட்டமே சூடு பிடிக்கிறது. படம் கொஞ்சம் மட்டம்தான், சேர்ந்து ஆடுகிறவர்கள் படத்தையா பார்க்கப் போகிறார்கள். சில்லில் வருகிற ஆட்டமாக வாங்கச் சொல், காற்றில் வாங்க வேண்டாம். விடுதியை விட்டுப் போகிற பெண் வருகிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். இது என் தீர்ப்பு. பெட்டி செய்கிற ஜப்பான்காரன் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உன் வார்த்தைப்பாடும் வருஷ சந்தா என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை மாதம் மூக்கைச் சிந்தியிருக்க மாட்டேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கிருஷ்ணப்பாவை நினைத்தேன். ஒவ்வொரு மாசமும் 'ஈ திங்களு நில்லிஸ்தீனி' என்கிறான், இந்த மாசத்தோடு சந்தாவை நிறுத்திவிடுகிறேன் என்று. நான் பார்த்து ஒரு மாசமும் நிறுத்தியது இல்லை. நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய், மறைக்காமல். மறைத்திருக்கலாம். உன் மாமனிடமிருந்து அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வரியை ஜெனரேட்டர் ரூமில் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன். டீசல் புகையில் தொண்டை அடைத்தது. மறுநாள் மொட்டைமாடியில் வாசித்தேன். அங்கே புகை இல்லை.

வருவேன் என்று எழுதவில்லை. வரமாட்டேன் என்று எழுதினதை அடித்துவிடு.

மாமா


பொம்மசந்திரா,
18 மே 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

சின்னப்பெட்டி வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி சில்லில்தான் ஆட்டம் கேட்டு வாங்கினோம். விடுதிப் பெண்கள் ஷிப்டு முடிந்து வந்ததும் காலைக் கழுவாமல் அதன்முன் உட்கார்ந்துவிடுகிறார்கள், சத்தம் எங்கள் ஜெபக்கூடம் வரை கேட்கிறது. உங்கள் கடிதத்தின் புண்ணியத்தில் அத்தனை பேரும் அந்தச் சில்லை நக்கிப் பார்த்துவிட்டார்கள். மதரும் யாரும் இல்லாத நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

31 காலை பத்து மணிக்குப் பூசை. நீங்கள் வராவிட்டால் அம்மா வாசிப்பார்கள், அதற்கும் அனுமதி உண்டு. வந்தால் முதல் வரிசையில் என் வலதுபக்கம் உங்கள் இடம். கோபத்தோடு வந்தாலும் சரி.

எலிசபெத்


ஜோகுபாளையம்,
4 ஜூன் 2025

சிஸ்டர் எலிசபெத்துக்கு,

இப்படித்தான் எழுத வேண்டும் என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள். இப்போது எழுந்து போய்விட்டாள். பாப்பா, இனி நானே எழுதுகிறேன்.

உனக்கு இப்போது போன் கொடுத்திருப்பார்கள். எனக்கு எழுதிப் பழகிவிட்டது. நீ அன்றைக்கு முன்னால் பார்த்து நின்றாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

வேன் வைத்துக்கொண்டு வந்தோம். ஓசூர் ரோட்டில் லாரிப் புகையில் அக்காவின் பட்டுப்புடவை இரண்டு கலர் மாறியது. கிருஷ்ணப்பா துவைத்த துண்டு போட்டுக்கொண்டு வந்தான், அடையாளமே தெரியவில்லை. கோயிலுக்குள் சாமந்தி மாலை வாசமும் வேர்வை வாசமும் சேர்ந்து மூச்சு முட்டியது. போட்டோக்காரன் ஒருவன் குறுக்கே குறுக்கே விழுந்து எனக்கு முன்னால் தன் முதுகையே காட்டிக்கொண்டிருந்தான். மதர் என்னைப் பார்த்ததும், "சாப்பாட்டு மேஜையின் ஆரோக்கியசாமி" என்று கும்பிட்டார். ஆயர்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பெட்டியில் எது நல்லது என்று தனியாகக் கேட்டார். சொல்லியிருக்கிறேன். விருந்தில் பிரியாணி குழைந்துபோய் இருந்தது, ஆனாலும் இரண்டு தரம் வாங்கினேன், மடத்துக்கு மரியாதைக் குறைவு ஆகக் கூடாதே என்று.

விடுதிப் பெண்கள் சாப்பிட்டதும் என்னை இழுத்துக்கொண்டு போய் சின்னப்பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பிடியைப் பிய்த்துக் கொடுத்தார்கள். தோற்றுப்போனேன். உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

அட்டை விஷயம். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரை நடந்தேன். ஆயர் அட்டையைக் கொடுத்தார். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு வாசித்தேன், கடைசி வரிசைக்கும் கேட்டது என்று கிருஷ்ணப்பாவே சொன்னான். ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். ஆயர் கவனிக்கவில்லை. மதர் தலையைக் குனிந்துகொண்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்துப் பொடி, அதனால் விட்டுப்போச்சு என்று அக்காவிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். உன்னிடம் அப்படி எழுத வரவில்லை. கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. எழுத்து நன்றாகவே தெரிந்தது.

கையளிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன், பாப்பா. அதை முழுசாகச் சொன்னேன். கொடுத்தாயிற்று, அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். மனமுவந்து என்கிற வார்த்தை மட்டும் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மற்றதெல்லாம் நான் எத்தனையோ கூட்டிச் சொல்லியிருக்கிறேன், கோயிலுக்குள் அதைக் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மே மாசம் நீ புதுப்பிக்கும்போது அந்த அட்டையைக் கேட்டு வாங்கி வை. நான் வருகிறேன். அன்றைக்கு வருகிறதா பார்ப்போம்.

மாமா